தைலீரியா: ஸ்மியரில் 12, பிசிஆரில் 45. மாடுகளில் இந்த நோய் உண்மையில் எவ்வளவு?

#1 கிடாரிக்கணக்கு

வணக்கம். உண்ணி கடித்துப் பரவும் ரத்தக் கிருமி நோயான தைலீரியா மாடுகளில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று தேடினால் கிடைக்கும் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதே இல்லை. இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரே மந்தையில் 100 மாடுகளிடம் ஒரே நாளில் ரத்தம் எடுக்கிறோம். ஸ்மியர் (ரத்தத் துளியை ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்த்தவர் 12 மாட்டில் கிருமி என்கிறார். அதே ரத்தத்தில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) போட்டவர் 45 என்கிறார். இதில் எதை நம்புவது?

60 உருப்படி உள்ள பண்ணைக்கு, உண்ணியே இல்லாத இடத்திலிருந்து கலப்பினக் கிடாரிகளைக் கொண்டுவருவதா என்று முடிவெடுக்க இந்த எண் வேண்டும். 12க்கும் 45க்கும் நடுவில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

#2 நுண்ணோக்கிமேசை

இரண்டும் சரியாக இருக்கலாம். ஸ்மியர் பார்த்தவர், சிவப்பணுவில் கிருமி மண்டியிருக்கும் மாடுகளை எண்ணியிருக்கிறார். பிசிஆர் போட்டவர், கிருமியின் சுவடு இருக்கும் மாடுகளை எல்லாம் எண்ணியிருக்கிறார்.

கிருமியின் போக்கைப் பார்த்தால் இது புரியும். உண்ணியின் எச்சிலில் வரும் ஸ்போரோசோயிட் என்ற கிருமி வடிவம், முதலில் மாட்டின் வெள்ளணுவுக்குள் போகிறது. அங்கே ஷைசான்ட் என்ற பெருகும் வடிவமாகி, அந்த வெள்ளணுவையே கட்டுப்பாடில்லாமல் பெருக வைக்கிறது. தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் நிணநீர் முடிச்சு எலுமிச்சை அளவுக்கு வீங்குவது இதனால்தான். பிறகு மீரோசோயிட்டுகள் என்ற அடுத்த வடிவங்கள் வெளியேறிச் சிவப்பணுவில் குடியேறும். நாம் ஸ்மியரில் மோதிரமாகவும் காற்புள்ளியாகவும் பார்க்கும் பைரோபிளாசம் அதுதான். மாடு பிழைத்துவிட்டால் கிருமி முழுதாகப் போவதில்லை. சிவப்பணுவில் மிகக் குறைந்த அளவில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். இதுதான் தாங்கி மாடு. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, பாலும் கறக்கும்.

இனி கணக்கு. எண்ணெய் லென்ஸில் ஒரு பார்வைப் புலத்தில் சுமார் 200 சிவப்பணு தெரியும். 50 புலம் பார்த்தால் 10,000 சிவப்பணு. நோய் உச்சத்தில் இருக்கும் மாட்டில் 100க்கு ஒரு சிவப்பணுவில் கிருமி என்றால் ஒவ்வொரு புலத்திலும் இரண்டு கண்ணில் படும், யாரும் தவறவிட மாட்டார்கள். தாங்கி மாட்டில் ஒரு லட்சத்துக்கு ஒன்று என்றால்? 50 புலத்தில் அது கண்ணில் பட வாய்ப்பு 100க்கு 10கூட இல்லை. 100 புலம் பார்த்தாலும் 18தான். எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அந்தத் துளியில் இல்லாததை அவரால் பார்க்க முடியாது.

ஆகவே 12 என்பதை 'நோய் 12 சதவீதம்' என்று எழுதுவது தவறு. 'ஸ்மியரில் தெரியும் அளவுக்குக் கிருமி உள்ளவை 12' என்று எழுத வேண்டும்.

#3 தொழுவத்துக்காரர்

அப்படின்னா ஸ்லைடு பார்க்கிறதே வீண் வேலைன்னு சொல்றீங்களா ஐயா?

#4 கால்நடைவைத்தியம்

இல்லவே இல்லை. காய்ச்சலோடு ஒரு மாடு நிற்கும்போது ஸ்மியர்தான் முதல் கருவி. அரை மணி, ஒரு மணி நேரத்தில் விடை கையில் இருக்கும். பரவலை அளக்கத்தான் அது போதாது.

40 முதல் 41.5 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சல், ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ முன்தோள் நிணநீர் முடிச்சு வீக்கம், கண்ணில் நீர், பால் சட்டென்று இறங்குவது: இப்படி இருந்தால் காதோர ரத்தத்தோடு நிறுத்தாதீர்கள். நோயின் முதல் நாட்களில் சிவப்பணுவில் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஏனென்றால் கிருமி இன்னும் வெள்ளணுவில்தான் இருக்கிறது. வீங்கிய முடிச்சை விரலால் நிறுத்திப் பிடித்து, 18 கேஜ் ஊசியை உள்ளே செலுத்தி, சிரிஞ்சால் இழுத்து, வரும் துளியை ஸ்லைடில் ஊதித் தடவுங்கள். சாயம் போட்டதும் வெள்ளணுவுக்குள் நீல நிறத்தில், நடுநடுவே ஊதாப் புள்ளிகளோடு தெரிவது ஷைசான்ட். கோக்கின் நீல உடல்கள் என்று பாடத்தில் படித்தது இதைத்தான். காய்ச்சலோடு இது தெரிந்தால் வேறு சான்று தேவையில்லை.

மருந்து பூபார்வாகுவோன், உடல் எடை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், கழுத்துத் தசையில். மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள மருந்தென்றால் 20 கிலோவுக்கு 1 மில்லி. 400 கிலோ மாட்டுக்கு 20 மில்லி வரும். ஒரே இடத்தில் போடாமல் பிரித்துப் போடுங்கள். கடுமையாக இருந்தால் 48 முதல் 72 மணி நேரத்தில் இன்னொரு முறை. எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்துப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எடை கணக்கிடுங்கள்.

#5 தொழுவத்துக்காரர்

பிசிஆரில் 45 வந்தா அந்த 45க்கும் இந்த ஊசியைப் போட்டு மந்தையையே சுத்தம் பண்ணிடலாமே டாக்டர்? கிருமி இருக்கிற மாட்டை ஏன் அப்படியே விடணும்?

#6 கால்நடைவைத்தியம்

கேள்வி நியாயமானது. ஆனால் செய்யக் கூடாது. காரணம் மூன்று.

பூபார்வாகுவோன் மாட்டைக் காப்பாற்றும், ஆனால் கிருமியை முழுதாகத் துடைத்துவிடும் என்று நம்ப முடியாது. மருந்து கொடுத்துக் குணமான மாடே தாங்கியாக நிற்பது வழக்கம். அடுத்தது, நோய்வாய்ப்படாத மாட்டில் இருக்கும் அந்தச் சிறு தொற்று, மறுபடி வரும் தொற்றுக்கு எதிராக அதற்கு ஓரளவு காப்பாகவும் இருக்கிறது. உண்ணி நிறைந்த தொழுவத்தில் அதைக் கலைத்து என்ன பயன்? மூன்றாவதுதான் என்னை உண்மையாகவே கவலைப்பட வைப்பது: இந்த மருந்துக்குக் கிருமி எதிர்ப்பு பெற்றுவருகிறது. சைட்டோகுரோம் பி மரபணுவில் மாற்றம் ஏற்பட்ட, மருந்துக்குப் பணியாத தைலீரியா அனுலேட்டா (நாம் பேசும் இந்தத் தைலீரியா இனம்) துனிசியா, ஈரான், துருக்கி, சூடான் ஆகிய நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. கைவசம் இருக்கும் நல்ல மருந்து இது ஒன்றுதான். ஆரோக்கியமான 45 மாட்டுக்குப் போட்டு அதைத் தேய்த்துவிட்டால், நாளை காய்ச்சலில் படுத்த மாட்டுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

#7 மாதிரிக்கணக்கு

12, 45 என்ற இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்ட முடியும். சோதனைக்கு இரண்டு குணம்: கிருமி இருப்பதை 'இருக்கிறது' என்று சொல்லும் திறன், இல்லாததை 'இல்லை' என்று சொல்லும் திறன். உண்மைப் பரவலுக்கு வாய்ப்பாடு இது: தெரியும் பரவலோடு இரண்டாவது திறனைக் கூட்டி 1 கழிக்க வேண்டும். அதை, இரண்டு திறன்களையும் கூட்டி 1 கழித்தால் வருவதால் வகுக்க வேண்டும்.

ஸ்மியருக்கு முதல் திறன் 0.24, இரண்டாவது 0.98 என்று வைத்துப் பாருங்கள். மேலே 0.12 + 0.98 − 1 = 0.10. கீழே 0.24 + 0.98 − 1 = 0.22. வகுத்தால் 0.45. ஸ்மியரின் 12இலிருந்தே பிசிஆரின் 45 வந்துவிட்டது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்லைடு பார்ப்பவர் சாயத் துகளைக் கிருமி என்று எண்ணிவிடுபவர் என்று வையுங்கள். இரண்டாவது திறன் 0.98இலிருந்து 0.90க்கு இறங்கும். அதே 12தான் கையில் இருக்கிறது. இப்போது மேலே 0.02, கீழே 0.14. விடை 0.14, அதாவது 14 சதவீதம். ஒருவரின் கண் எவ்வளவு நம்பகமானது என்ற ஒரே விஷயத்தில் 45 என்பது 14 ஆகிவிட்டது. அதனால் ஸ்மியர் ஆய்வின் எண்ணைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, ஸ்லைடுகளை இரண்டு பேர் ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் பார்த்தார்களா என்பதைத்தான்.

இன்னொன்று, மாடு எங்கிருந்து வந்தது? மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு ஓட்டிவரப்பட்ட மாடுகளில் எண்ணி அதைப் 'பரவல்' என்று எழுதினால், அது காய்ச்சல் மாடுகளில் தைலீரியாவின் பங்கு. மந்தையில் பரவல் அல்ல. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிசையில் போடுவதால்தான் கிடாரிக்கணக்கு சொன்ன குழப்பம் வருகிறது.

மாதிரி அளவுக்கு எல்லாரும் 384 என்கிறார்கள். 50 சதவீதப் பரவலை 5 புள்ளி துல்லியத்தில், 95 சதவீத நம்பிக்கையில் அளக்க அது சரி, ஆனால் ஒவ்வொரு மாடும் தனித்தனியாகக் குலுக்கி எடுக்கப்பட்டிருந்தால் மட்டும். உண்ணி நோய் கொத்துக் கொத்தாக வரும். ஒரு தொழுவத்தில் ஒன்றுக்கு இருந்தால் பக்கத்தில் கட்டியதற்கும் இருக்கும். தொழுவத்துக்குள் ஒற்றுமை 0.2 என்று கொண்டால், 5 பண்ணையில் 80 மாடு வீதம் 400 எடுத்தாலும் அது தனித்தனியாக எடுத்த 24 மாட்டுக்குத்தான் சமம். பிழை எல்லை 20 புள்ளி. அதே 400ஐ 100 பண்ணையில் 4 மாடு வீதம் எடுத்தால் 250 மாட்டுக்குச் சமம், பிழை எல்லை 6 புள்ளி. அலைச்சல் கூடும்தான். ஆனால் அந்த அலைச்சல்தான் எண்ணுக்கு மதிப்பைத் தருகிறது.

#8 உண்ணிநோக்கர்

எந்த உண்ணி என்று இதுவரை யாரும் பேசவில்லை. பரவலைத் தீர்மானிப்பதே அதுதான்.

தைலீரியா அனுலேட்டாவைக் கடத்துவது ஹயலோமா இன உண்ணிகள், குறிப்பாக ஹயலோமா அனடோலிகம். வட ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்கு ஆசியா, நடு ஆசியா, இந்தியா, சீனா என்று இந்த நோயின் பரப்பு நீள்வது ஹயலோமாவின் பரப்போடுதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஈஸ்ட் கோஸ்ட் காய்ச்சலுக்குக் காரணமான தைலீரியா பார்வாவுக்கு வேறு உண்ணி, ரைபிசெபாலஸ் அப்பெண்டிகுலாடஸ்.

மாட்டுக்காரர்களில் பலர் கலந்துவிடும் ஒரு செய்தி: தைலீரியா தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குப் போகாது. குஞ்சாகவோ இளம் பருவத்திலோ தாங்கி மாட்டின் ரத்தத்தைக் குடித்த உண்ணி, தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வளர்ந்து, அப்போது கடிக்கும் மாட்டுக்குக் கொடுக்கும். ஆகவே ஒவ்வொரு தலைமுறை உண்ணியும் தாங்கி மாட்டிடமிருந்துதான் புதிதாகத் தொற்றைப் பெற்றாக வேண்டும். பிசிஆர் காட்டும் 45 மாடும் அந்த வகையில் முக்கியம். நோயாளிக் கணக்கில் அவை வராது, ஆனால் உண்ணிக்குக் கிருமி கிடைக்கும் இடம் அவைதான்.

உண்ணியால் வரும் இன்னொரு ரத்தக் கிருமியான பபேசியா இதற்கு நேர்மாறு. அது முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குப் போகும். உண்ணி ஒரு நோயைக் கடத்தும் என்று முதன்முதலில் நிறுவப்பட்டதே இந்த மாட்டு நோயில்தான், தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல். பபேசியாவைக் கடத்தும் ரைபிசெபாலஸ் மைக்ரோபிளஸ், அனுலேடஸ் இரண்டும் ஒரே மாட்டில் மூன்று பருவத்தையும் சுமார் மூன்று வாரத்தில் முடித்துவிட்டு விழும். மாட்டுக்கு மருந்து கொடுத்தாலே உண்ணியின் வாழ்க்கையை முறிக்கலாம். அமெரிக்கா தன் நாட்டிலிருந்து, மெக்சிகோ எல்லையோரக் கண்காணிப்புப் பட்டை தவிர, 1943க்குள் அந்த உண்ணியை ஒழிக்க முடிந்தது இதனால்தான்.

ஹயலோமா அப்படி ஏமாறாது. தோலுரிக்கவும் முட்டையிடவும் மாட்டைவிட்டு இறங்கித் தொழுவத்துச் சுவர் வெடிப்பிலும் காரை பெயர்ந்த இடத்திலும் கல் இடுக்கிலும் ஒளியும். இரவில் டார்ச் அடித்துத் தரையிலிருந்து முட்டளவு உயரம் வரை சுவரைப் பாருங்கள். வெடிப்பின் வாயில் உரித்த தோல் உமி போலக் குவிந்திருக்கும். அது இருந்தால் அந்தத் தொழுவத்தின் பரவல் எண்ணைக் கிட்டத்தட்ட ஊகித்துவிடலாம்.

கடித்த உடனே கிருமி ஏறிவிடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உண்ணி ரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் எச்சில் சுரப்பியில் ஸ்போரோசோயிட் முற்றும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். தினமும் காதுமடல், மடி, தொடை இடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தடவி உண்ணி பிடுங்குவது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு நாள் இடைவெளியில் செய்தால் அதுவே தடுப்பு.

#9 நுண்ணோக்கிமேசை

மாதிரிக்கணக்கு சொன்ன 0.98, 0.90 விவகாரம் ஸ்லைடு செய்யும் கையில்தான் தொடங்குகிறது. எங்கே கெடுகிறது என்று சொல்கிறேன்.

காதோர நரம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, அது முழுக்கக் காய்ந்த பிறகு குத்த வேண்டும். ஈரத்தில் குத்தினால் சிவப்பணு வெடித்துப் போகும். சின்னத் துளி போதும். தள்ளும் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஒரே இழுப்பில் தள்ள வேண்டும், நுனி நாக்கு வடிவில் மெலிந்து முடிய வேண்டும். காற்றில் உடனே உலர்த்துங்கள். மெதுவாக உலர்ந்தால் சிவப்பணுவுக்குள் பளபளவென்று குமிழி தெரியும், புதியவர்கள் மோதிர வடிவக் கிருமி என்று எண்ணுவது அதைத்தான். ஃபோகஸைத் திருகிப் பாருங்கள். குமிழி மின்னும், கிருமி மின்னாது.

மெத்தனாலில் 3 முதல் 5 நிமிடம். பாட்டிலை மூடாமல் வைத்தால் மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு அதில் எத்தனை நிமிடம் வைத்தாலும் சிவப்பணு பூச்சி அரித்தது போலத்தான் வரும். ஜீம்சா சாயத்தை 7.2 அமிலத்தன்மை எண் உள்ள தாங்கல் நீரில் பத்துக்கு ஒன்று கலந்து 30 முதல் 40 நிமிடம். நீர் அமிலமாக இருந்தால் எல்லாம் சிவந்து போய்க் கிருமியின் உட்கரு தெரியாது. கலந்த சாயத்தை அன்றே கொட்டிவிடுங்கள். பழைய சாயத்தில் படியும் துகள்கள் சிவப்பணுவின் மேல் உட்கார்ந்து, பார்ப்பவரை நன்றாக ஏமாற்றும். துகளும் சிவப்பணுவும் ஒரே ஃபோகஸ் தளத்தில் நிற்காது, அதுதான் அடையாளம்.

எதை எதோடு குழப்புவார்கள்? பபேசியா பைஜெமினா பெரியது, பேரிக்காய் போல இரண்டு, கூர்கோணத்தில் சேர்ந்து நிற்கும். பபேசியா போவிஸ் சிறியது, விரிகோணத்தில் இருக்கும். அது நுண்நாளங்களில் ஒட்டிக்கொள்வதால் கழுத்து நரம்பு ரத்தத்தில் அரிது, வால் நுனியிலோ காது நுனியிலோ குத்தி எடுக்க வேண்டும். அனபிளாஸ்மா மார்ஜினேல் ஓரத்தில் ஒரு கருப்புப் புள்ளி. ரத்தசோகை மாட்டில் வரும் ஹோவெல் ஜாலி துகளை (சிவப்பணுவில் எஞ்சும் உட்கருத் துண்டு) அனபிளாஸ்மா என்று எழுதிவிடுவது சகஜம். அனபிளாஸ்மா ஒட்டுண்ணியே அல்ல, பாக்டீரியா. அதை ஒட்டுண்ணிப் பரவல் கணக்கில் சேர்த்துக் கூட்டுவது தவறு.

பிசிஆருக்கு ரத்தம் எடுப்பவர்கள் ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் எடுங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது பிசிஆர் வினையையே தடுக்கும். அப்போது கிருமி உள்ள மாடும் 'இல்லை' என்று வரும்.

#10 கிடாரிக்கணக்கு

மிகவும் நன்றி. பரவல் 20க்கும் 80க்கும் நடுவில் இருந்தால்தான் ஆபத்து, 80க்கு மேல் போனால் ஆபத்து குறைவு என்று படித்தேன். தலைகீழாக இருக்கிறதே, அது எப்படி?

#11 மாதிரிக்கணக்கு

தலைகீழ் இல்லை, கன்றுப் பருவத்தில் தொற்று வருகிறதா என்பதைப் பொறுத்தது. மகோனியும் ராஸும் 1972இல் பபேசியா போவிஸுக்குக் கொடுத்த மாதிரி இது. ஒரு கன்றுக்கு ஒரு நாளில் தொற்று ஏறும் வாய்ப்பு 0.005 என்று கொள்ளுங்கள். 9 மாதம், அதாவது 270 நாளில், தொற்று ஏறியிருக்கும் கன்றுகள் 74 சதவீதம். வாய்ப்பு 0.0005 ஆனால் வெறும் 13 சதவீதம். முதல் மந்தையில் பெரும்பாலான கன்றுகள், இயற்கைத் தாங்குதிறன் இருக்கும் வயதிலேயே தொற்றைச் சந்தித்துத் தேறிவிடும். இரண்டாவதில் 100க்கு 87 மாடுகள் வளர்ந்த பிறகு முதன்முறை கடிபடும். சாவு அங்கேதான்.

#12 கால்நடைவைத்தியம்

ஒரு நிமிடம். இந்தக் கணக்கை அப்படியே தைலீரியா அனுலேட்டாவுக்குக் கொண்டுபோகாதீர்கள் சார். பபேசியாவில் கன்றுக்கு வயதால் வரும் தாங்குதிறன் உண்டு. தைலீரியாவில் அப்படி நம்ப முடியாது. ஒரு மாதம், இரண்டு மாதக் கலப்பினக் கன்றுகள் கண் பிதுங்கி, மூச்சிரைத்து, நான்கைந்து நாளில் போவதைப் பார்க்கிறோம். 'பரவல் 80க்கு மேல், ஆகவே கன்று பாதுகாப்பு' என்று எழுதிவிட்டால் அதைப் படித்து யாராவது கன்றுகளை உண்ணிக்கு விட்டுவிடுவார்கள்.

நாட்டு மாடும் கலப்பினமும் ஒன்றல்ல என்பதும் இதோடு சேர்ந்தது. திமில் உள்ள இனங்களுக்கும் தொற்று ஏறும், பிசிஆரில் அவையும் காட்டும். ஆனால் நோய் முற்றுவது குறைவு. ஒரே தொழுவத்தில் இரண்டுக்கும் பரவல் எண் சமமாக இருந்து, சாவு முழுக்கக் கலப்பினத்தில் நடக்கலாம்.

#13 மாதிரிக்கணக்கு

ஏற்கிறேன் டாக்டர். 20–80 எல்லை பபேசியாவுக்கு மட்டும் என்று திருத்திக்கொள்ளுங்கள். என் பதிவில் அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எலைசா (ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) எண் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் 'என்றோ சந்தித்திருக்கிறது' என்றுதான் பொருள். சீம்பால் வழியே வந்த தாயின் எதிர்ப்பொருள் சில மாதங்கள் கன்றில் நிற்கும். தடுப்பூசி போட்ட மாடும் எலைசாவில் காட்டும். ஆகவே சின்னக் கன்றையும் ஊசி போட்டதையும் நீக்கிவிட்டு எண்ணுங்கள்.

#14 உண்ணிநோக்கர்

பிசிஆர் எண்ணிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எந்தத் தைலீரியா? 18எஸ் மரபணுவுக்கான பொதுப் பிரைமர் (பிசிஆர் எந்த மரபணுவைத் தேட வேண்டும் என்று காட்டும் சிறு துண்டு) போட்டால் தைலீரியா ஒரியன்டாலிஸும் சேர்ந்து காட்டும். அது பல இடங்களில் சாதுவான கிருமி. ஸ்மியரில் அனுலேட்டாவிலிருந்து பிரித்துச் சொல்வதும் கடினம். 45இல் 30 அதுவாக இருந்தால் முடிவே மாறும். ஆனால் அதன் இக்கேடா வகை சாது அல்ல. ஹீமாபைசாலிஸ் லாங்கிகார்னிஸ் உண்ணி வழியாக 2012இல் நியூசிலாந்தில் பரவி, கன்று ஈனும் பருவத்து மாடுகளை ரத்தசோகையில் தள்ளியது அதுதான். ஆகவே அறிக்கையில் 'தைலீரியா இனம்' என்று மட்டும் இருந்தால் மேலே கேளுங்கள். அனுலேட்டாவுக்கு டாம்ஸ்1 அல்லது சைட்டோகுரோம் பி மரபணுவுக்கான பிரைமர் போட்டார்களா என்று.

#15 கிடாரிக்கணக்கு

சரி, 60 மாட்டில் எத்தனை மாட்டிடம் ரத்தம் எடுக்க வேண்டும்?

#16 மாதிரிக்கணக்கு

'இங்கே இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால்: 60இல் குறைந்தது 6க்கு இருக்கும் என்று வைத்து, ஒன்றையாவது பிடிக்க 95 சதவீத உறுதி வேண்டுமானால் 23 மாடு. அது பிழையே இல்லாத சோதனைக்கு, பிசிஆர் அதற்குக் கிட்டத்தட்ட வரும். ஸ்மியரை வைத்துச் செய்வதானால், மேலே நான் வைத்த 0.24ஐவிட நன்றாக 100க்கு 40 பிடித்தாலும், 59 மாடு, அதாவது கிட்டத்தட்ட மந்தை முழுவதும்.

23ஐ நல்ல மாடாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். எண் எழுதிக் குலுக்குங்கள். ஓராண்டுக்கு உட்பட்டது, கிடாரி, கறவை என்று வயதுவாரியாகப் பிரித்து எடுப்பது நல்லது. தாங்கி நிலை நீண்டது என்பதால் வயது கூடக் கூட எண் ஏறிக்கொண்டே போகும். வயதான கறவைகளிடம் மட்டும் எடுத்தால் கடந்த பல ஆண்டுகளின் தொற்றை எண்ணுகிறீர்கள். சென்ற உண்ணிப் பருவத்தில் பிறந்த கன்றுகள்தான் இப்போது உண்ணியில் கிருமி இருக்கிறதா என்று சொல்லும். உங்கள் முடிவுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்.

#17 கால்நடைவைத்தியம்

அந்தக் கன்றுகளில் இரண்டு மூன்று பிசிஆரில் காட்டினாலே, வெளியிலிருந்து வரும் கிடாரிகளுக்கு அந்தத் தொழுவம் ஆபத்தானது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவரவே கூடாது என்று சொல்லவில்லை. உண்ணி தலைகாட்டாத குளிர் மாதத்தில் கொண்டுவாருங்கள். இறங்கும் நாளிலேயே ஈடிடிஏ ரத்தம் எடுத்து வையுங்கள், பிறகு வந்த தொற்றா முன்பே இருந்ததா என்ற சண்டை வராது. வலுக்குறைத்த ஷைசான்ட் தடுப்பூசி கிடைக்கும் இடமானால், வருவதற்கு முன்பே போட்டுக் காப்பு வர அவகாசம் கொடுங்கள். அது திரவ நைட்ரஜனில் வரும் உயிர்த் தடுப்பூசி. உருக்கிய பிறகு வெயிலில் காத்துக்கிடந்தால் உள்ளே இருக்கும் அணுக்கள் செத்துவிடும், போட்டும் பலனில்லை. நோயின் கடுமையைத்தான் அது குறைக்கும், தொற்றையே தடுக்காது.

கடிபட்டதிலிருந்து நோய் தெரிய 9 முதல் 25 நாள் ஆகலாம். ஆகவே வந்த 7ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை காலையும் மாலையும் வெப்பமானி வையுங்கள். 39.5ஐத் தாண்டினால் முடிச்சைத் தடவிப் பாருங்கள், அன்றே ஸ்மியர். சிவப்பணுக்கள் அழிந்து கண்ணிமை வெளுத்து மஞ்சளடித்த பிறகு மருந்து போட்டால் கிருமி சாகும், மாடு எழுந்திருக்காது.

சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் முதலில் பபேசியாவைத் தேடுங்கள். அதற்கு மருந்து வேறு, டிமினசீன் கிலோவுக்கு 3.5 மில்லிகிராம். இரண்டும் ஒரே மாட்டில் இருப்பதும் உண்டு, ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தாதீர்கள்.

#18 தொழுவத்துக்காரர்

சுவருக்கு என்ன அடிக்கிறது? மாட்டுக்கு அடிச்ச மிச்சத்தைத்தான் சுவத்துல ஊத்துவோம்.

#19 உண்ணிநோக்கர்

மிச்சம் போதாது அண்ணே. சுவருக்கு வெடிப்பு நனைந்து வழியும் அளவு வேண்டும். உண்ணி மருந்து 12.5 சதவீத அமிட்ராஸ் என்றால் லிட்டருக்கு 2 மில்லி. பெரிய மாட்டுக்கு 4, 5 லிட்டர் கரைசல், தோல் வரை நனைய வேண்டும், காதுக்குள்ளும் வாலடியிலும் கையால் தேய்க்க வேண்டும். முடி மேல் மட்டும் பனி போலப் பட்டால் உண்ணி சாகாது, மருந்துக்குப் பழகும். குதிரை, கழுதை இருக்கும் தொழுவத்தில் அமிட்ராஸ் வேண்டாம், அவற்றுக்கு அது நஞ்சு.

அடித்த பிறகு வெடிப்பை அப்படியே விடாதீர்கள். சிமென்ட் பூசி முட்டளவு உயரத்துக்கு மேல் வரை வழவழப்பாக்குங்கள். ஒளிய இடமில்லாமல் செய்வது எந்த மருந்தையும்விட நீண்ட நாள் நிற்கும்.

#20 கிடாரிக்கணக்கு

குறிப்பேட்டுக்கு வரிசைகள் இப்படிப் போடுகிறேன்: மாட்டு எண், இனம், வயது மாதத்தில், ரத்தம் எடுத்த தேதி, அன்றைய வெப்பநிலை, நிணநீர் முடிச்சு, உடம்பில் உண்ணி எண்ணிக்கை, ஸ்மியர் (பார்த்த புலம் எத்தனை), பிசிஆர் (எந்தப் பிரைமர்), தடுப்பூசி தேதி. விட்டுப்போனது ஏதாவது உண்டா?

#21 நுண்ணோக்கிமேசை

ஸ்மியருக்கு இரண்டு வரிசை போடுங்கள், இரண்டு பேர் பார்க்க. இரண்டாமவர் பார்க்கும்போது முதல் வரிசை மூடியிருக்க வேண்டும். ஸ்லைடில் மாட்டு எண்ணைப் பேனாவால் எழுதாதீர்கள், மெத்தனாலில் மை கரைந்து 23 ஸ்லைடும் பெயரில்லாமல் நிற்கும். சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுதுங்கள். அந்த முனை இல்லாத ஸ்லைடென்றால், உலர்ந்த ரத்தப் பூச்சின் தடித்த ஓரத்திலேயே பென்சில் நுனியால் கீறலாம். சாயம் போட்டுக் கழுவினாலும் அழியாது.